நீற்றறைக்குள் போனவர்களும் திண்ணையில் இருந்தவளும்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காகக் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் ஊர் தேவாரம். போடியிலிருந்து கொஞ்ச தூரம்தான். அந்த ஞாயிறு பிள்ளைகளைக் குரங்கணிக்குக் கூட்டிப்போவதாகத்தான் முதலில் பேச்சு. காதுகுத்து வந்ததால் தள்ளிப்போட்டோம்.

சாயங்காலம் மலைப்பக்கம் புகை தெரிந்தது. கோடையில் மலையில் தீ எரிவது எங்கள் ஊர்ப்பக்கம் புதிதல்ல. "காட்டுல தீ புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். இருட்டிய பிறகு ஆம்புலன்ஸ் சத்தம் நிற்கவேயில்லை. அப்புறம்தான் செய்தி வந்தது: மலையேறப் போன பிள்ளைகள் தீயில் மாட்டிக்கொண்டார்கள்.

டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நல்லவேளை, நம்மளச் சாமி காப்பாத்திருச்சு."

என்ன கோபமோ தெரியவில்லை, பத்துப் பேர் இருக்கிற இடத்தில் கேட்டுவிட்டேன்: "அப்போ அந்தப் பிள்ளைகளுக்குச் சாமி இல்லையாம்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாத ஆள் அவர். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குப் பிறகு இத்தனை வருடங்களாக இந்த விஷயம் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வந்திருக்கிறேன். நான் தத்துவம் படித்தவன் இல்லை, பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். என் குறிப்பேட்டில் சேர்ந்ததை ஒழுங்குபடுத்தி இங்கே வைக்கிறேன்.

கேள்வி சரியாக என்ன?

மூன்று வாக்கியங்கள். ஒன்று, கடவுள் எல்லாம் வல்லவர். இரண்டு, கடவுள் கருணை உள்ளவர். மூன்று, உலகத்தில் கொடுந்துன்பம் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் மூன்று தேவைகளைக் கொடுத்து, இரண்டைத்தான் சேர்த்துச் செய்ய முடியும் என்று நாங்கள் தலையைச் சொறிவோமே, அதே நிலைமை. கிரேக்கத்தின் எபிகூரஸ் பெயரில் வழங்கும் பழைய கேள்வி இது. 1955-ல் ஜே. எல். மேக்கி என்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் இதை ஒரு தர்க்கக் கணக்காகவே போட்டுக் காட்டினார்.

என்னை அதிகம் உலுக்கியது 1979-ல் வில்லியம் ரோ என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரை. அவர் சொல்லும் உதாரணம்: காட்டில் பட்ட மரத்தில் இடி விழுந்து தீப்பிடிக்கிறது. ஒரு மான்குட்டி அதில் சிக்கி, உடம்பெல்லாம் வெந்து, சில நாட்கள் துடித்துக் கிடந்து சாகிறது. யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் அதனால் ஒரு பாடமும் இல்லை. அந்தச் சில நாள் வேதனை எதற்காக? ஒரேயடியாக அது செத்திருந்தால் உலகத்தில் எந்த நன்மை குறைந்திருக்கும்? கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டதாக ரோ சொல்லவில்லை. இப்படிப் பயனில்லாத துன்பம் ஒன்றாவது இருப்பதாக நம்ப நமக்கு நல்ல காரணம் இருக்கிறது, அவ்வளவுதான் அவர் வாதம்.

குரங்கணிக்குப் பிறகு அதைப் படித்ததால் எனக்கு அது மான்குட்டியாகத் தெரியவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த மலையில் இருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. மறுநாள் வந்த கணக்கில் இறந்தவர்கள் 9 பேர். அதன் பிறகு மதுரையிலும் மற்ற ஊர்களிலும் ஆஸ்பத்திரிகளில், ஒரு நாள் ஒருவர், இரண்டு நாள் கழித்து இன்னொருவர் என்று அந்த எண் இருபதைத் தாண்டிப் போனது.

முதலில் காரணம், அப்புறம் கடவுள்

எங்கள் ஆபீஸில் ஒரு சர்வர் விழுந்தால் மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து காரணத்தை எழுதுவோம். 'நேரம் சரியில்லை' என்று எழுதினால் மேனேஜர் ஏற்கமாட்டார். குரங்கணிக்கும் அப்படி எழுத முடியும்.

மார்ச் மாதம். சரிவு முழுக்கக் காய்ந்த போதைப்புல். பலமான காற்று. தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற தீ மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது காட்டுத்தீயை அணைப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மனிதர் ஏறும் வேகமோ சரிவு கூடக் கூடக் குறையும். இந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் அந்தப் பிள்ளைகள் நின்றார்கள். இதோடு மனிதர் பக்கத்துக் காரணங்கள்: தீ பிடிக்கும் பருவத்தில் யார் போகலாம், எந்த வழியில் போகலாம், யார் தடுத்திருக்க வேண்டும் என்ற கேள்விகள். அந்தப் பாதையில் போக முறையான அனுமதி இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. விசாரணை நடந்தது. அதே வருடம் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. 'ஏன் நடந்தது?' என்று நாம் கேட்பதில் பெரும்பகுதிக்குப் பதில் உண்டு. புல்லுக்கும் காற்றுக்கும் கவனக்குறைவுக்கும் சேர வேண்டிய பங்கைக் கடவுள் கணக்கில் எழுதினால், அடுத்த தீயிலும் நாலு பேர் சாவார்கள்.

ஆனால் எல்லாக் காரணத்தையும் எழுதி முடித்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. 'சரி, காரணம் புரிஞ்சது. ஆனா கருணையுள்ள ஒருத்தர் பார்த்துக்கிட்டா இருந்தார்?' பக்தர்களும் அறிஞர்களும் காலம் காலமாகப் பதில் சொல்ல முயன்றது இந்த மிச்சத்துக்குத்தான்.

நான் படித்த பதில்கள்

முதல் பதில், சுதந்திரம். மனிதனுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டால், தவறாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆல்வின் பிளாண்டிங்கா 1974-ல் இதை மிகக் கறாராக வாதாடினார். மேக்கியின் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை என்று பலரையும் ஒப்புக்கொள்ள வைத்தார். கொலைக்கும் போருக்கும் வதைமுகாமுக்கும் இது ஓரளவு பொருந்தும். தீயும் நிலச்சரிவும் யாருடைய சுதந்திரம்?

இரண்டாவது பதில், ஒழுங்கு. தீ ஒரு நாள் சுடும், ஒரு நாள் சுடாது என்றிருந்தால் அந்த உலகத்தில் யாரும் வாழ முடியாது. எங்கள் மலையில் ஏலக்காய் ஸ்டோரில் பச்சைக்காயை உலர்த்துவது சூடுதான். அந்தச் சூட்டை நம்பித்தான் போடியில் ஏலம் நடக்கிறது, ஆயிரம் வீட்டில் உலை கொதிக்கிறது. நல்ல வாதம். ஆனால் கடவுள் இடையிடையே அற்புதம் செய்கிறார் என்று நம்புகிறவர் இதைச் சொல்ல முடியாது. ஒருத்தருக்கு விதியைத் தளர்த்த முடிந்தால், இன்னொருத்தருக்கு ஏன் இல்லை?

மூன்றாவது பதில், பக்குவம். ஜான் ஹிக் என்ற ஆங்கிலேயர் 1966-ல் எழுதிய புத்தகத்தில், உலகம் ஆன்மா வளர்வதற்கான இடம், சொகுசு மாளிகை அல்ல என்கிறார். நம் சைவ சித்தாந்தம் இதற்குப் பக்கத்து வீடு. ஆணவம், கன்மம், மாயை மூன்றும் உயிரைப் பிடித்திருக்கும் அழுக்கு. அனுபவத்தின் வழியே அது பழுத்துக் கழல வேண்டும் என்பார்கள். துன்பத்தில் சிலர் பக்குவப்படுவது உண்மை. நானே பார்த்திருக்கிறேன். உடைந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன். பக்குவப்பட நேரமே கிடைக்காத குழந்தைகளும் உண்டு.

நான்காவது பதில், நாமெல்லாம் தாய்ப்பாலோடு குடித்தது: கர்மம். பிரம்ம சூத்திரத்தில் (2.1.34) இந்தக் கேள்வியே எதிராளியின் குற்றச்சாட்டாக வருகிறது. ஒருவனுக்குச் சுகம், ஒருவனுக்குத் துக்கம் என்றால் இறைவன் பாரபட்சமானவன் ஆகமாட்டானா, இரக்கமில்லாதவன் ஆகமாட்டானா? இல்லை, அவன் அவரவர் வினையைப் பார்த்துத்தான் தருகிறான் என்பது பதில். சங்கரர் உரையில் மழையை உவமை சொல்கிறார்: மழை எல்லாப் பயிருக்கும் பொது, விளைவது நெல்லா யவமா என்பது விதையைப் பொறுத்தது. அப்படியானால் முதல் வினை எங்கிருந்து வந்தது என்றால், அதற்குத் தொடக்கமே இல்லை என்று அடுத்த சூத்திரம் சொல்கிறது. தர்க்கமாகப் பார்த்தால் நான்கிலும் ஓட்டை குறைந்த பதில் இதுதான்.

ஆனால் இதை அடுத்தவர் துன்பத்தின் மேல் வைத்துப் பார்த்தால்தான் அதன் விபரீதம் தெரியும். 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரும் பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்போது காந்தி தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். திருநெல்வேலிக் கூட்டத்தில், இது தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று பேசினார். அவர் நோக்கம் நல்லதுதான். தாகூர் அதிர்ந்துபோய் மறுப்பு எழுதினார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் என்பது அவர் முதல் வாதம். இரண்டாவது வாதம் இன்னும் கூர்மை: இதே பாணியில் எதிர்த்தரப்பு சனாதனிகளும், காந்தி செய்த பாவத்தால்தான் பூகம்பம் வந்தது என்று சொல்லிவிடலாமே! அந்த மறுப்பைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே காந்தி வெளியிட்டார், தன் பதிலையும் சேர்த்து. தாகூர் பக்கம்தான் நான். தண்டனை என்றால் இடிந்து விழுந்த வீடுகளுக்குள் இருந்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்களே, அவர்களுக்கு எதற்குத் தண்டனை?

குரங்கணி நடந்து இரண்டு வருடத்தில், மலைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலை அருகே பெட்டிமுடியில் கொட்டுகிற மழையில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர். அதில் நான்கு பேரின் உடல் கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறுப் பக்கம் பூர்வீகம். தாத்தா காலத்தில் கொழுந்து பறிக்கப் போனவர்கள், சொந்தமாக ஒரு செண்டு நிலம் இல்லாமல் மூன்று தலைமுறையாக லயத்திலேயே இருந்தவர்கள். மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து. கேரள அரசு விமான விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் என்று அறிவித்தபோது சண்டை எழுந்தது. சரிவுக்கு அடியில் யார் படுத்திருந்தார்கள் என்பதை முடிவு செய்தது கூலியும் சாதியும் நிலமும். 'அவங்க விதி' என்று சொன்னால் இது எல்லாமே மறைந்துபோகிறது. சொல்கிறவருக்கு மட்டும் மனசு லேசாகிறது.

பைபிளின் யோபு கதையில் இதைக் கவனித்தேன். எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவைப் பார்க்க நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை சரி. பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்க ஆரம்பிக்கிறார்கள். கதையின் முடிவில் கடவுள் கோபப்படுவது, சண்டை போட்ட யோபுவின் மேல் அல்ல, தன்னை நியாயப்படுத்திப் பேசிய அந்த நண்பர்கள் மேல்.

அப்பரும் அக்காவும்

எங்கள் ஊர்ப் பெயர் தேவாரம் என்பதால், வெளியூரில் யாராவது "தேவாரம் பாடுவீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். அந்த வம்பில்தான் அப்பர் கதையைப் பெரியபுராணத்தில் திரும்பப் படித்தேன். குரங்கணியை நினைத்துக்கொண்டு படித்ததால், நீற்றறைக் கதையில் நின்றுவிட்டேன். பல்லவ அரசன் அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைக்கிறான். அவருக்கு அது குளிர்ந்த சோலைபோல் இருக்கிறது. கதவைத் திறந்தால் பாடிக்கொண்டிருக்கிறார். விஷம் கொடுத்தார்கள், பிழைத்தார். யானையை ஏவினார்கள், அது வலம் வந்து வணங்கிப் போனது. கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், கல் மிதந்தது.

சின்ன வயதில் கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது படிக்கையில் தொண்டையில் மாட்டுகிறது. நீற்றறையிலிருந்து எல்லோரும் வெளியே வருவதில்லையே.

அப்போதுதான் அந்தக் கதையிலேயே இன்னொரு ஆள் இருப்பது கண்ணில் பட்டது. அப்பரின் அக்கா திலகவதியார். அப்பா நோயில் சாகிறார். அம்மாவும் பின்னாலேயே போகிறார். நிச்சயம் செய்திருந்த கலிப்பகையார் போருக்குப் போய்க் களத்தில் இறந்துபோகிறார். தானும் சாகலாம் என்று துணிந்த அக்காவைத் தம்பி அழுது தடுக்கிறான். அவனுக்காக அவர் உயிரோடு இருக்கிறார். பிறகு அந்தத் தம்பியும் சமணத்துக்குப் போய்விடுகிறான். அக்கா திருவதிகையில் கோயில் வாசல் பெருக்கி, மெழுகி, பூத்தொடுத்துக்கொண்டு தனியாக இருக்கிறார்.

தம்பிக்கு அற்புதத்துக்கு மேல் அற்புதம். அக்காவுக்கு? அவர் இழந்தது எதுவுமே திரும்பி வரவில்லை. கலிப்பகையார் எழுந்து வரவில்லை. தம்பி கடைசியில் திரும்புகிறான், அதுகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சூலை நோய் தாங்காமல். அக்கா அவனிடம் 'செஞ்சதுக்கு அனுபவி' என்று விளக்கம் சொல்லவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார்.

காப்பாற்றப்பட்டவனையும் காப்பாற்றப்படாதவளையும் சேக்கிழார் ஒரே வீட்டில் வைத்திருக்கிறார். அவளுக்கு ஏன் அப்படி என்று ஒரு பதிலும் சொல்லவில்லை. ஆனால் தம்பியின் கதை முழுவதும் அவள் இல்லாமல் நடக்காது. அற்புதத்தை மட்டும் பார்த்து வரும் நம்பிக்கை முதல் தீயிலேயே கருகிவிடும். திலகவதியாருடையது வேறு ரகம். எனக்கு இவ்வளவு கொடு, நான் இவ்வளவு கும்பிடுகிறேன் என்ற ஒப்பந்தம் அதில் இல்லை.

சும்மா பொறுத்துப்போவதுதான் பக்தி என்றும் நம் மரபு சொல்லவில்லை. கண்ணை இழந்த சுந்தரர், காஞ்சியில் ஒரு கண் கிடைத்த பிறகும், திருவாரூரில் நின்று இறைவனை ஏசியே பாடினார். இன்னொரு கண்ணும் கிடைத்தது என்கிறது புராணம். வள்ளுவர் 'இரவச்சம்' அதிகாரத்தில், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சாபமே கொடுக்கிறார். இதையெல்லாம் மரபு வெட்டித் தள்ளாமல் பத்திரமாக வைத்திருக்கிறது.

அம்மா

இப்போது அம்மா விஷயம். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் கவிழ்ந்து அப்பா இறந்துபோனார். அம்மா போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போய், கண் எரிய எரியக் காய் பொறுக்கித்தான் என்னை பி.இ. படிக்க வைத்தார். 'அந்தப் பிள்ளைகளுக்குச் சாமி இல்லையா' என்று நான் கேட்டது அப்படிப்பட்டவரிடம். அவர் தன் வாழ்க்கையில் அந்தக் கேள்வியைக் கேட்காமலா இருந்திருப்பார்?

மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. பெட்டிமுடி செய்தி வந்த சமயம். கொரோனா காலம், வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஊரில் இருந்தேன். "அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றேன்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னார்: "கேட்டா என்னப்பா, நாங் கேக்காததா? ஒங்கப்பா போன நாள்லருந்து தெனமும் வெளக்கு வைக்கும்போது அந்தச் சாமிகூடச் சண்டைதான். இன்னும் முடியல."

"அப்புறம் ஏன் வெளக்கு வைக்கிறீங்க?"

"சண்டை போடுறதுக்காவது ஒரு ஆளு வேணாமா?"

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார், அன்று ராத்திரி உள்ளே எழுந்து போனது கோபத்தில் இல்லையாம். ஆஸ்பத்திரிக்குப் பழைய வேட்டி, சேலை கொண்டுபோய்க் கொடுத்தால் ஆகுமா என்று தேடப் போனாராம். யாரோ வாங்கிக்கொண்டு போனார்களாம். எனக்கு அது தெரியவே தெரியாது. நான் ஹாலில் உட்கார்ந்து கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருந்தேன். மலையில் அதே நேரம் ஊர்க்காரர்களும் வனத்துறை ஆட்களும் தீயணைப்புக்காரர்களும் இருட்டில் ஏறி, டோலி கட்டி ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாக்கியங்களை என்னால் இன்னும் ஒன்றாகப் பொருத்த முடியவில்லை. பொருந்திவிட்டது என்று யாராவது சுலபமாகச் சொன்னால், சரிவுக்கு அடியில் படுத்திருந்தவர்களிடம் அதைச் சொல்ல முடியுமா என்று மனதுக்குள் ஒருமுறை சோதித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் முடிவதில்லை. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், இந்த டிக்கெட்டை நான் மூடவில்லை. திறந்தே கிடக்கிறது.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. 'நம்மளச் சாமி காப்பாத்துச்சு' என்று அம்மா இப்போதும் சொல்வார். ஆனால் அத்தோடு நிறுத்துவதில்லை. "அந்த மத்த புள்ளைகளுக்கும் நீதான் பதில் சொல்லணும்" என்று சாமி படத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார். ஒருவேளை முன்பும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நான் இருந்து கேட்டதில்லை.